இருநூற்றுப் பதினான்கு பக்கங்கள்

ஜனவரி 12, செவ்வாய்

இன்று மறுபடியும் கேக் வெட்டினார்கள்.

வானிலைத் துறையின் மெரிடியன் செயற்கைக்கோளுக்கான மாதாந்திர ஆய்வுக் கூட்டம். திரையில் நாற்பத்திரண்டு கட்டங்கள். பச்சை என்றால் வேலை சரியாக நடக்கிறது, மஞ்சள் என்றால் கவனம், சிவப்பு என்றால் சிக்கல். போன மாதம் பதினேழு சிவப்பு. இன்று நாற்பத்திரண்டும் பச்சை. முப்பது நாளில் என்ன அதிசயம் நடந்தது? ஒன்றும் நடக்கவில்லை. ஏவும் தேதியை இருபத்திரண்டு மாதம் தள்ளி வைத்து, இனி இதுதான் அசல் அட்டவணை என்று மேலிடத்தில் கையெழுத்து வாங்கிவிட்டார்கள். பழைய அட்டவணைப்படி ஏறக்குறைய இரண்டு வருடம் பின்தங்கிய வேலை, புதிய அட்டவணைப்படி ஒரு நாள்கூடப் பின்தங்கவில்லை. அட, எவ்வளவு சுலபம்!

அட்டவணை மாறும்போதெல்லாம் கேக் வெட்டுவது இவர்கள் வழக்கம். மேலே செயற்கைக்கோள் படம், கீழே நீலக் கிரீமில் புதிய தேதி. நான் பார்க்க இது மூன்றாவது கேக். திட்ட இயக்குநர் டக்ளஸ் ஃபென்விக் ஒரு தட்டை என்னிடம் நீட்டினார்.

"மார்வா மேடம், ஒரே ஒரு துண்டு. தேதி எழுதின பக்கமா தரேன்."

"எனக்கு வேண்டாம். அந்தத் தேதி கெட்டுப்போயிடும்."

எல்லோரும் சிரித்தார்கள். என்னையும் ஒரு வேடிக்கையாகத்தான் வைத்திருக்கிறார்கள். தணிக்கை செய்யப் போகும் இடத்தில் தண்ணீர் தவிர எதையும் வாயில் வைப்பதில்லை என்று இருபத்தாறு வருடமாக ஒரு வைராக்கியம் எனக்கு. பையிலிருந்து உப்பு பிஸ்கட்டை எடுத்துத் தின்றேன்.

மேலே இப்போது சுற்றிக்கொண்டிருக்கும் பழைய செயற்கைக்கோள் ஐந்து வருட ஆயுளுக்கென்று செய்தது. எட்டாவது வருடம் ஓடுகிறது. மெரிடியன் மேலே போவதற்குள் அது செத்தால், ஐந்து நாள் முன்பே தெரிகிற புயல் மூன்று நாள் முன்புதான் தெரியும். இதைப் பற்றி அந்த நாற்பத்திரண்டு கட்டத்தில் ஒரு கட்டம்கூட இல்லை.

ஜனவரி 14, வியாழன்

"தாமதம்" என்று இவர்கள் வாயில் வருவதே இல்லை. "தேதி வலப்பக்கம் நகர்ந்திருக்கிறது." ஏதோ அதுவாகவே எழுந்து நடந்து போனது போல.

ஜனவரி 20, புதன்

என் புருஷன் ரூஃபஸ் வாட்டிய மீனும் சோள ரொட்டியும் செய்திருந்தான். கேக் கதையைச் சொன்னேன். விழுந்து விழுந்து சிரித்தான்.

"எங்க டிப்போவுல நான் இதைச் செஞ்சு பாக்கவா? பனி விழுந்து ரெண்டு நாள் கழிச்சு வண்டிய அனுப்பறேன். கேட்டா, பனி விழற தேதிய மாத்திட்டோம்னு சொல்லிடறேன்."

"கேக் வாங்கிட்டுப் போ."

"கேக்குக்கு எங்க போறது? டோனட் போதும் எங்க ஆளுங்களுக்கு."

அவன் இந்த மாவட்டத்தின் சாலைத் துறையில் பனி அள்ளும் வண்டிகளை அனுப்புகிறவன். ஐம்பத்து மூன்று வண்டி, அவற்றுக்கு ஓட்டுநர்கள், பனியை உருக்க மலை மலையாக உப்பு. எந்தத் தெருவில் எப்போது உப்புப் போடுவது என்பதெல்லாம் முன்னறிவிப்பைப் பார்த்துத்தான். பனி விழுவதற்கு முன்னால் போட்டால் தெரு பிழைக்கும். பின்னால் போட்டால் வெறும் சடங்கு. நான் காகிதத்தில் எழுதுவது அவன் தெருவில் நடக்கும். இதை அவன் ஒருநாளும் சொல்லிக்காட்டியதில்லை. எனக்கே தெரியும்.

ஜனவரி 28, வியாழன்

பழைய செயற்கைக்கோள் செத்தால் என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். அதற்கென்று மாற்றுத் திட்டம் இருக்கிறதே என்றார் ஃபென்விக், குழந்தையிடம் சொல்வது போல. கொண்டுவரச் சொன்னேன். தடித்த கோப்பு. இருநூற்றுப் பதினான்கு பக்கம். முன்னட்டையில் புயலின் வண்ணப் படம்.

நாள் முழுவதும் உட்கார்ந்து படித்தேன். சாரம் இதுதான்: நம்முடையது செத்தால் கடலுக்கு அந்தப் பக்கத்துக் கூட்டாளிகளின் செயற்கைக்கோள் தகவலைப் பயன்படுத்திக்கொள்வோம். நல்லது. ஆனால் அந்தத் தகவல் இப்போது நம் கைக்கு ஆறு மணி நேரம் கழித்து வருகிறது. ஆறு மணி நேரப் பழைய தகவலை வைத்து என்ன முன்னறிவிப்பது? உடனுக்குடன் தர ஒப்பந்தம் வேண்டும். எண்பத்தொன்றாம் பக்கத்தில் "ஒப்பந்தம் செய்யப்படும்" என்றிருக்கிறது.

செய்தாச்சா என்று கேட்டேன்.

"பேச்சு நடந்துட்டிருக்கு மேடம்."

"யார் பேசறாங்க?"

"அந்தப் பொறுப்புல இருந்தவர் ரிட்டயர் ஆயிட்டார்."

"எப்ப?"

"மூணு வருஷம் இருக்கும்."

கடைசிப் பக்கத்தில் "திட்டம் சோதித்துப் பார்க்கப்பட்ட நாள்" என்று ஒரு கோடு. கோட்டின் மேல் ஒன்றும் இல்லை. நாலு வருடமாக வெறும் கோடு!

வெளியே வந்து கார் நிறுத்துமிடத்தில் கொஞ்ச நேரம் நின்றேன். பிஸ்கட்டைப் பையிலிருந்து எடுக்கவே இல்லை.

பிப்ரவரி 2, செவ்வாய்

என் தணிக்கை அறிக்கையின் ஐந்தாம் அத்தியாயத்தில் ஒரு வாக்கியம் எழுதினேன்:

"பழைய செயற்கைக்கோள் செயலிழந்தால் என்ன செய்வது என்பதற்குத் துறையிடம் ஒரு கோப்பு இருக்கிறது, ஏற்பாடு எதுவும் இல்லை."

இருபத்தாறு வருடத்தில் நான் எழுதியதிலேயே நல்ல வாக்கியம். வாய்விட்டு இரண்டு தடவை படித்துப் பார்த்தேன்.

பிப்ரவரி 5, வெள்ளி

என் மேலதிகாரி ஹால்வர்சன் அந்த வாக்கியத்தை அடித்துவிட்டு மேலே எழுதியிருக்கிறார்: "நிலைமை தொடர்ந்து கவனிக்கப்பட வேண்டியதாக உள்ளது."

சண்டை போட்டேன். என் வாக்கியத்தைத் திரும்ப வாங்கிவிட்டேன், இப்போதைக்கு. "உங்க தொனிதான் மார்வா, கொஞ்சம் காரம்" என்றார். ஏப்ரலில் நாடாளுமன்றக் குழு முன் இந்த அறிக்கையை வைத்துக்கொண்டு உட்காரப் போகிறவர் அவர். காரம் அவர் வயிற்றுக்கு ஆகாது.

பிப்ரவரி 11, வியாழன்

நேற்று இரண்டு அங்குலம் விழும் என்றார்கள். பதினொன்று விழுந்தது.

ரூஃபஸின் வண்டிகளில் பாதி கொட்டகையில் நின்றிருந்தன. பள்ளிப் பேருந்துகள் தெருவில் கிடந்தன. அவனுடைய ஓட்டுநர் லெராய், பாலத்துச் சரிவில் வண்டியோடு சறுக்கிப் பள்ளத்தில் விழுந்துவிட்டார். காறை எலும்பு முறிவு, இரண்டு விலா. ஐம்பத்தெட்டு வயது மனிதர். போன கோடையில் எங்கள் வீட்டுத் தோட்டத்தில் உட்கார்ந்து நண்டு தின்றவர்.

ரூஃபஸ் வீட்டுக்கு வந்து பூட்ஸைக்கூடக் கழற்றாமல் நாற்காலியில் உட்கார்ந்தான்.

"நான்தான் மார்வா அவரை அனுப்பினேன். ரெண்டு அங்குலம்தானே, ஒரு ஆளு போதும்னு அனுப்பினேன்."

பிப்ரவரி 12, வெள்ளி

பழையது செவ்வாயன்று பத்தொன்பது மணி நேரம் பேசாமல் இருந்திருக்கிறது. ஏதோ கருவி அணைந்து, தானாகவே மறுபடி எழுந்துகொண்டதாம். துறையின் உள்சுற்றறிக்கையில் நாலு வரி. "சேவையில் பாதிப்பு இல்லை."

அந்தப் பத்தொன்பது மணி நேரத்தால்தான் இரண்டு அங்குலம் பதினொன்று ஆயிற்றா? என்னால் நிரூபிக்க முடியாது. முன்னறிவிப்பு எல்லாம் சரியாக ஓடும்போதும் தப்பும். நிரூபிக்க முடியாததை அறிக்கையில் எழுதக் கூடாது, எழுத மாட்டேன். என் மனசில் என்ன இருக்கிறது என்பதை இங்கே எழுதலாம்: தூ.

பிப்ரவரி 16, செவ்வாய்

உண்மைகளைச் சரிபார்க்கும் கூட்டம். அறிக்கை வெளிவரும் முன் எங்கள் தகவல்களைத் துறையிடம் படித்துக் காட்டுவோம். பிழை இருந்தால் அவர்கள் சொல்லலாம். மாற்றுத் திட்டத்தைப் பற்றிய பகுதிக்கு வந்ததும் ஃபென்விக் சாய்ந்து உட்கார்ந்தார். முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம்.

"இந்தத் திட்டம் போதும்னு ஏற்கெனவே ஒத்துக்கிட்டாங்களே மேடம்."

"யாரு?"

"உங்க ஆபீஸ்தான். மாற்றுத் திட்டம் போடுங்கன்னு பரிந்துரை பண்ணீங்க. போட்டுக் குடுத்தோம். நிறைவேற்றியாச்சுன்னு நீங்களே எழுதி மூடிட்டீங்க. நாலு வருஷம் ஆச்சு."

"பாக்கறேன்."

"பாருங்க, பாருங்க. அன்னிக்குக் கேக் கூடச் சாப்பிட்டீங்களே. எலுமிச்சை கேக்."

மேஜையைச் சுற்றி எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்து வைத்தேன். நானா? கேக்கா? வேறு யாரையோ நினைத்துச் சொல்கிறார் இந்த மனிதர்.

பிப்ரவரி 17, புதன்

எலுமிச்சை கேக். இல்லை.

மார்ச் 4, வியாழன்

எங்கள் அலுவலகத்தில் ஒரு வழக்கம். அறிக்கையின் ஒவ்வொரு வாக்கியத்துக்கும் பக்கத்தில் எண் போட்டு, அந்த எண்ணுக்கு எதிரே ஆதாரத்தை வைக்க வேண்டும். பிறகு அந்த அறிக்கையில் சம்பந்தமே இல்லாத ஒருவர் உட்கார்ந்து ஒவ்வொரு வாக்கியமாக ஆதாரத்தோடு ஒப்பிட்டு டிக் போடுவார். டிக் விழாத வாக்கியம் வெளியே போகாது. என் அறிக்கைக்கு வந்தவள் இங்க்ரிட் ஸ்வான். ஊதா பென்சில்காரி. ஒருமுறை "ஏறத்தாழ" என்ற சொல்லுக்கு ஆதாரம் கேட்டு என்னை இரண்டு நாள் அலைய வைத்தவள்.

இன்று காலை என் அறைக்கு வந்தாள்.

"மார்வா, கொஞ்சம் உக்காரு."

"சொல்லு, நின்னே கேக்கறேன்."

"உக்காருன்னா உக்காரு."

என் நல்ல வாக்கியத்துக்குப் பக்கத்தில் ஊதாவில் எழுதியிருந்தாள்: ஆதாரம் முரண்படுகிறது. கீழே ஒரு தாளை வைத்தாள். பரிந்துரையை மூடும் படிவம். "துறை திட்டத்தை அளித்துள்ளது. 214 பக்கங்கள். பரிந்துரை நிறைவேற்றப்பட்டது." தேதி, நாலு வருடத்துக்கு முந்தைய செப்டம்பர் 29. கையெழுத்து: மார்வா டில்மன்.

என் கையெழுத்துத்தான். டி-யின் தலைக்கோடு எப்போதும் போல மேலே தூக்கிக்கொண்டு.

இங்க்ரிட் கதவைச் சாத்திவிட்டுப் போனாள்.

இப்போது எல்லாம் ஞாபகம் வருகிறது. எங்கள் நிதியாண்டு செப்டம்பர் 30-ல் முடியும். எங்கள் பரிந்துரைகளில் நூற்றுக்கு எண்பது நிறைவேறிவிட்டது என்று ஒவ்வொரு வருடமும் நாடாளுமன்றத்துக்குச் சொல்லிப் பெருமைப்பட்டுக்கொள்வோம். அந்த வருடம் எழுபத்தாறில் நின்றது. எண்பதுக்குக் கொண்டுவந்தாக வேண்டும். துறைகளுக்குப் போய் நின்று கிடைத்ததை வாங்கிவந்தோம். அன்று பிற்பகலில் மட்டும் பதினொரு பரிந்துரைகளை மூடினேன். அந்தக் கோப்பைப் படித்தேனா? இல்லை. கடைசிப் பக்கத்தின் எண்ணைப் பார்த்தேன். 214. படிவத்தில் எழுதினேன். யாரோ தட்டை நீட்டினார்கள். பசித்தது. தின்றேன்.

நன்றாகத்தான் இருந்தது. அது இன்னும் அசிங்கம்.

மார்ச் 5, வெள்ளி

திட்டத்தைக் கொடு என்று கேட்டோம், கொடுத்தார்கள். புயல் வந்தால் என்ன செய்வாய் என்று கேட்கவே இல்லை. கேட்டிருக்க வேண்டியவள் நான். அவர்கள் கட்டங்களுக்குப் பச்சை அடிக்கிறார்கள் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறேன். நான் அடித்த பச்சையை எங்கே கொண்டுபோய் ஒளிப்பது?

மார்ச் 7, ஞாயிறு

சர்ச் முடிந்து லெராயைப் பார்க்கப் போனோம். தோளில் கட்டு. சிரிக்கும்போது விலா வலிக்கிறது, என்னைச் சிரிக்க வைக்காதீர்கள் என்றார். திரும்பி வரும்போது காரில் ரூஃபஸிடம் சொல்லிவிட்டேன்.

அவன் வண்டியின் வேகத்தைக் குறைத்தான்.

"படிக்காமயே கையெழுத்துப் போட்டியா?"

"ஆமா."

"நீயா?"

"ஆமான்னு சொல்றேன்ல."

"நான் வீட்டு இன்சூரன்ஸ் பேப்பர்ல கையெழுத்துப் போட்டப்ப என்னை என்ன கிழி கிழிச்ச. ஒவ்வொரு வரியையும் சத்தமா படிக்க வெச்சியே."

ஆறுதலாக ஒரு வார்த்தை சொல்வான் என்று எதிர்பார்த்தேன். சொல்லவில்லை. வீட்டுக்கு வந்ததும் அவனே பாத்திரம் கழுவினான், வழக்கத்தைவிடச் சத்தமாக.

மார்ச் 9, செவ்வாய்

ஹால்வர்சன் கூப்பிட்டு, கதவைச் சாத்தச் சொன்னார்.

"அந்த வாக்கியத்தை எடுத்துடுங்க மார்வா. ரெண்டு பேருக்கும் நல்லது."

"எந்த ரெண்டு பேருக்கு?"

"அவங்களுக்கும் நமக்கும். அந்த வாக்கியம் இருந்தா, அப்ப ஏன் மூடினீங்கன்னு கேப்பாங்க. ஒண்ணுல கேள்வி வந்தா அந்த எண்பது சதவீதத்துலயும் கேள்வி வரும். மூடினது மூடினதாவே இருக்கட்டும்."

"மறுபடி திறந்துட்டா?"

"திறக்கறதுக்குப் படிவமே இல்ல."

உண்மைதான். தேடிப் பார்த்தேன். மூடுவதற்குப் படிவம் இருக்கிறது. திறப்பதற்கு எங்கள் அலுவலகத்தில் படிவமே இல்லை. இத்தனை வருடத்தில் யாருக்கும் தேவைப்பட்டதில்லை!

"உங்களுக்கு இன்னும் மூணு வருஷம் சர்வீஸ் இருக்கு" என்றார், ரொம்ப அன்பாக.

எடுத்துவிட்டேன். ஆமாம், நான்தான். என் கையாலேயே அடித்துவிட்டு, அவருடைய அந்தப் பூசி மெழுகின வாக்கியத்தை எழுதினேன். நிலைமை தொடர்ந்து கவனிக்கப்பட வேண்டியதாக உள்ளது. எழுத அரை நிமிடம்கூட ஆகவில்லை. இதை இங்கே எழுதவில்லை என்றால் வேறெங்கும் எழுத மாட்டேன் என்பதால் எழுதுகிறேன்.

மார்ச் 11, வியாழன்

இங்க்ரிட் டிக் போட மாட்டேன் என்கிறாள்.

"நிலைமை தொடர்ந்து கவனிக்கப்பட வேண்டியதாக உள்ளது. யாரு கவனிக்கணும்?"

"இங்க்ரிட், அது சும்மா ஒரு..."

"எந்த நிலைமை? எதுவரைக்கும் கவனிக்கணும்? இது எந்த ஆதாரத்துல இருக்கு, பக்க எண்ணக் குடு. டிக் போட்டுட்டுப் போறேன்."

"அது ஒரு கருத்து. கருத்துக்கு ஆதாரம் வேண்டாம்."

"யாரோட கருத்து? உன்னோடதா? நீ அப்படித்தான் நெனைக்கறியா?"

நான் தாளைக் குப்புறத் திருப்பி வைத்தேன்.

"நெனைக்கலன்னா அது கருத்தும் இல்ல" என்று பென்சிலைக் காதில் செருகிக்கொண்டாள். "பழைய வாக்கியமாவது பரவாயில்ல. அதுக்கு ஒரு ஆதாரம்தான் முரண்பட்டுச்சு. அந்த ஆதாரம் தப்புன்னு நீ எழுதினா முரண்பாடு போயிடும். அவ்வளவுதான் என் வேலை."

"அப்படி எழுதறதுக்குப் படிவம் இல்லையாம்."

"படிவம் இல்லன்னா லெட்டர் எழுது. உனக்கு எழுதத் தெரியாதா?"

அவளுக்குக் கோபம்கூட இல்லை. இருபத்தாறு வருடத்தில் இவளை நான் எத்தனை முறை திட்டியிருப்பேன், மயிரைப் பிளக்கிறவள் என்று.

மார்ச் 12, வெள்ளி

கடிதம் எழுதிக் கொடுத்துவிட்டேன். அரைப் பக்கம். "இந்தப் பரிந்துரை நிறைவேற்றப்பட்டதாக நான் மூடியது தவறு. திட்டத்தை நான் படிக்கவில்லை. இதை மீண்டும் திறக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்."

ஐந்தாம் அத்தியாயத்தில் இப்போது இரண்டு வாக்கியங்கள். முதலில் என் பழைய வாக்கியம். அடுத்து: "இது நிறைவேற்றப்பட்டதாக நாங்கள் நான்கு ஆண்டுகளுக்கு முன் அறிவித்தது பிழை." இரண்டுக்கும் டிக் விழுந்தது. ஹால்வர்சன் மாற்றப் பார்த்தார். மாற்றினால் டிக் போய்விடும், டிக் போனால் அறிக்கை ஏப்ரலில் வெளிவராது, அறிக்கை இல்லாவிட்டால் குழுவின் முன் அவர் எதை வைத்துக்கொண்டு உட்காருவார்? ஊதா பென்சிலை அவரும் தாண்ட முடியவில்லை.

"நீங்க என்னைக் கொல்றீங்க" என்றார். உயிரோடுதான் இருக்கிறார்.

ஏப்ரல் 22, வியாழன்

நாடாளுமன்றக் குழு விசாரணை. ஒவ்வொரு உறுப்பினருக்கும் ஐந்து நிமிடம். அதில் நாலு நிமிடம் தங்கள் தொகுதியின் சூறாவளிகளைப் பற்றி அவர்களே பேசிக்கொள்கிறார்கள். ஃபென்விக் எல்லாவற்றுக்கும் "தணிக்கையின் கருத்தை முழுமையாக ஏற்றுக்கொள்கிறோம்" என்றார். அவருடைய துறை எங்கள் பரிந்துரை ஒன்றைக்கூட மறுத்ததில்லை. மறுத்தால் ஏன் என்று கேட்பார்கள். ஏற்றுக்கொண்டால் யாரும் எதுவும் கேட்பதில்லை.

பிறகு குழுத் தலைவர் ஐந்தாம் அத்தியாயத்துக்கு வந்தார். இவராவது படித்திருக்கிறாரே.

"பிழைன்னு எழுதியிருக்கீங்க. இதை மூடினது யாரு?"

ஹால்வர்சன் தண்ணீர் குடித்தார். "எங்கள் அலுவலகத்தின் நடைமுறைப்படி..." என்று ஆரம்பித்தார். நான் அவருக்குப் பின்னால் மூன்றாவது நாற்காலி. அங்கே இருப்பவர்கள் பேசக் கூடாது. தாள் எடுத்துக் கொடுக்கத்தான் அந்த வரிசை.

எழுந்து நின்றேன்.

"நான்தாங்க மூடினேன். படிக்காம மூடினேன்."

அறையே திரும்பிப் பார்த்தது. ஃபென்விக் மட்டும் குனிந்து தன் தாள்களை அடுக்கிக்கொண்டிருந்தார். தலைவர் கண்ணாடியைக் கழற்றினார்.

"இப்ப படிச்சீங்களா?"

"படிச்சேன். எண்பத்தொன்னாம் பக்கத்துல ஒப்பந்தம் செய்யப்படும்னு இருக்கு. இன்னிக்கு வரைக்கும் செய்யல. பழையது நாளைக்குச் செத்தா ஒரு வருஷத்துக்கு மேல நமக்கு அரைக்கண்ணுதான்."

உட்காரும்போது நாற்காலி நகர்ந்து பெரிய சத்தம் போட்டது.

ஏப்ரல் 23, வெள்ளி

செய்தித்தாளில் தலைப்பு: தணிக்கை அதிகாரி படிக்காமல் கையெழுத்து. செயற்கைக்கோளைப் பற்றி ஒன்பதாவது பத்தியில். ஒப்பந்தத்தைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை. அவ்வளவும் நாற்றம், மேலிருந்து கீழ் வரை. அதில் என் பங்கும் உண்டு.

பச்சைத் தட மெட்ரோ ரயிலில் எதிரே உட்கார்ந்திருந்த ஆள் அந்தப் பக்கத்தைத்தான் விரித்துப் படித்துக்கொண்டிருந்தார்.

ஏப்ரல் 28, புதன்

என்னைச் செயற்கைக்கோள் பிரிவிலிருந்து எடுத்துவிட்டார்கள். முட்டை. இனி நாட்டின் முட்டைகளைச் சோதிப்பதில் அரசாங்கம் சரியாக நடந்துகொள்கிறதா என்று பார்ப்பேன்.

ரூஃபஸ் இரண்டு நாளாக முட்டை ஜோக்காகச் சொல்லிக்கொண்டிருக்கிறான். காலையில் ஆம்லெட்டை என் முன்னால் வைத்து, "பரிசோதனை பண்ணிட்டுச் சாப்பிடு, இல்லன்னா பேப்பர்ல போட்டுருவாங்க" என்கிறான். மார்ச்சுக்குப் பிறகு இப்போதுதான் இப்படி என்னிடம் பேசுகிறான்.

ஜூன் 17, வியாழன்

இங்க்ரிட் ஒரு தாளைக் கொண்டுவந்து மேஜையில் போட்டாள். மூடிய பரிந்துரையைத் திறப்பதற்கான படிவம். புதிதாக அச்சடித்திருக்கிறார்கள். அதன்படி முதலில் திறந்தது என்னுடையது. கீழே சின்ன எழுத்தில் ஒரு விதி: திறந்தவரே மூட வேண்டும்.

"யாரு இந்த விதியப் போட்டது?"

"வரைவைச் சரிபார்க்க என்கிட்ட குடுத்தாங்க" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள்.

செப்டம்பர் 28, செவ்வாய்

ஆண்டு முடிய இரண்டு நாள். இப்போது துறைக்கு அவசரம். நாடாளுமன்றத்தில் பேர் அடிபட்ட பரிந்துரை திறந்தே கிடந்தால் துறையின் ஆண்டுப் பட்டியலில் அந்தக் கட்டம் சிவப்பாகவே இருக்கும். அந்த ஒரு சிவப்பைப் போக்கத்தான் நாலு வருடமாக நடக்காத ஒப்பந்தம் நாற்பது நாளில் கையெழுத்தாகியிருக்கிறது. புயலுக்குப் பயந்து அல்ல. கட்டத்துக்குப் பயந்து!

திறந்தவள் நான் என்பதால் போன வாரம் ஃபென்விக் ஒப்பந்தத்தை என்னிடம் கொண்டுவந்து நீட்டினார். முத்திரை, நாடா எல்லாம் இருந்தது.

"மூடிடலாம்ல மேடம்?"

"நம்ம பழைய செயற்கைக்கோள் தகவலை ஒரு நாள் முழுக்க எடுக்காம முன்னறிவிப்புப் போட்டுக் காட்டுங்க. அவங்க தகவலை மட்டும் வெச்சு."

"அதெல்லாம் பரிந்துரையில எழுதலையே."

"அதனாலதான் கேக்கறேன்."

இன்று முன்னறிவிப்பு அறையில் காலையிலிருந்து மாலை வரை உட்கார்ந்திருந்தேன். பணியில் இருந்த பெண், "இப்ப வருது பாருங்க" என்று திரையைக் காட்டினாள். கடலுக்கு அந்தப் பக்கத்திலிருந்து தகவல் இறங்கியது. கடிகாரத்தைப் பார்த்தேன். ஆறு மணி நேரம் அல்ல. பதினான்கு நிமிடம். அடுத்த சுற்றுக்கும் இருந்தேன். பதிமூன்று. அதற்கடுத்த சுற்றுக்கும் இருந்தேன். ஃபென்விக் இரண்டு தடவை கடிகாரத்தைக் காட்டினார். நான் பார்க்காதது போல இருந்துவிட்டேன். முன்னறிவிப்பு முழுசாக வந்தது. முன்பு போல அத்தனை துல்லியம் இல்லை, ஆனால் ஐந்து நாள் முன்பே தெரிகிறது.

கோப்பின் கடைசிப் பக்கத்தில் அந்த வெறும் கோட்டின் மேல் இன்றைய தேதியை எழுத வைத்தேன். பிறகு கையெழுத்துப் போட்டேன்.

கூடத்தில் கேக் இருந்தது. இந்தப் பரிந்துரைக்கு அல்ல. மெரிடியன் இன்னும் ஐந்து மாதம் வலப்பக்கம் நகர்ந்திருக்கிறது. நாற்பத்திரண்டும் பச்சை. வழியில் நின்று யாருடனும் பேசாமல் வெளியேறி, பஸ் நிறுத்தத்தில் என் பிஸ்கட்டைத் தின்றேன்.

நவம்பர் 26, வெள்ளி

பழையது அணைந்துவிட்டது. இம்முறை எழவில்லை. துறை நாலு வரி எழுதியிருக்கிறது. "சேவையில் பாதிப்பு இல்லை." முதல் தடவையாக அது உண்மையாக இருக்கலாம்.

நவம்பர் 30, செவ்வாய்

"முன்யோசனையுடன் கூடிய தயார்நிலை"க்காக ஃபென்விக்குக்குத் துறையின் விருது. மரப் பலகையில் பித்தளைத் தகடு. சிரித்தபடி பிடித்துக்கொண்டு நிற்கும் படத்தை இங்க்ரிட் வெட்டி அனுப்பியிருந்தாள். ஓரத்தில் ஊதா பென்சிலில்: ஆதாரம்?

டிசம்பர் 5, ஞாயிறு

செவ்வாய்க்கிழமையே சொல்லிவிட்டார்கள், ஞாயிறு பிற்பகல் பனி, எட்டு அங்குலத்துக்குமேல் என்று.

மூன்று மணிக்கு ரூஃபஸ் டிப்போவிலிருந்து போன் பண்ணினான்.

"ஜன்னல் வழியா பாரு. விழுதா?"

"இல்ல. வானம் சாம்பலா இருக்கு, அவ்வளவுதான்."

"நம்ம தெருவ பாரு."

பார்த்தேன். தெருவெங்கும் உப்பு வெள்ளையாகக் கோடு கோடாகக் கிடந்தது.

"ஐம்பத்து மூணு வண்டியும் ஒரு ரவுண்டு முடிச்சாச்சு" என்றான். "லெராய்தான் நம்ம ஏரியா. பாலத்துச் சரிவுக்கு ரெண்டு தடவை போட்டுட்டேன்னு உன்கிட்ட சொல்லச் சொன்னாரு."

நாலு மணிக்கு முதல் பனி விழ ஆரம்பித்தது. எதிர்வீட்டுக்காரர் காரிலிருந்து மளிகைப் பைகளை எடுத்துக்கொண்டு போனார். ஒன்பது நாளாக மேலே நம்முடையது எதுவும் இல்லை என்று அவருக்குத் தெரியாது.

ரூஃபஸ் வரத் தாமதமாகும். பீன்ஸ் சூப் வைத்திருக்கிறேன்.